சம்பந்தி வீட்டுப் பாதரச லிங்கம்

சிவமயம்

கொலோன்
15.03.1999

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி சிறீதரன் அவர்களுக்கு,

கொலோனிலிருந்து சுவாமிநாதன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் பாரியார் சிவகௌரி அவர்களும், எங்கள் வருங்கால மருமகன் நிமலனும் டார்ம்ஸ்டாட்டில் நோய்நொடி இன்றி இருக்க இறைவனை வேண்டுகிறேன். எந்த முகத்தோடு வேண்டுகிறேன் என்பதுதான் இப்போது சிக்கல். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் கமலாம்பிகையும் மகள் ஆதிரையும் சுகம். கமலாம்பிகை என்னோடு பேசுவதில்லை, மற்றப்படி வீட்டில் குறை ஒன்றும் இல்லை.

சம்பந்தி, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கள். உங்களுக்கு இரத்த அழுத்தம் என்று நிமலன் சொல்லியிருக்கிறார். தை மாதம் சம்பந்தக் கலப்புக்கு நீங்கள் குடும்பமாக எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டபோது, சிவப்புப் பட்டில் சுற்றி என் கையில் ஒரு பாதரச லிங்கம் தந்தீர்கள் அல்லவா? அது இப்போது எங்கள் வீட்டில் இல்லை. களவு போகவில்லை. நானே கொண்டுபோய் ஜெர்மன் அரசாங்கத்தின் நச்சுக் குப்பை வண்டியில் ஒப்படைத்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே காதில் நிற்கிறது. "இது எங்கட பரம்பரைச் சாமி. பாதரசத்தை மூலிகைச் சாறு விட்டு இறுக்கிச் செய்தது. வைகாசியில கலியாணம் முடியுமட்டும் உங்கட சாமியறையில இருக்கட்டும். மணவறையில வைச்சுப் பிள்ளையளின்ரை கையில குடுப்பம்" என்றீர்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு கோழிமுட்டை அளவுதான், ஆனால் தூக்கினால் கை கீழே போகிறது. என்னையும் ஒரு மனிதனாக மதித்து இவ்வளவு பெரிய பொறுப்பைத் தந்தார்களே என்று கமலாம்பிகையிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளும் அடுத்த நாளே மச்சம் மாமிசத்தை நிறுத்தினாள். விடிந்ததும் லிங்கத்துக்குப் பால் வார்த்து அபிஷேகம், பிறகு அந்தப் பாலில் ஆளுக்கு ஒரு கரண்டி. ஆதிரை வேலை செய்வது மருந்துக்கடையில். அவளுக்குக் காலையில் வேலைக்குப் போகிற அவதி, அதனால் பால் குடிக்காமல் ஓடிவிடுவாள். பக்தி இல்லாத பிள்ளை என்று அவளைப் பேசினோம்.

மாசி மாதத்தில் தபால் பெட்டிக்குள் ஒரு பச்சை நிறத் துண்டுப்பிரசுரம் வந்தது. மற்றவர்கள் அதை அப்படியே பழைய கடதாசித் தொட்டியில் போட்டிருப்பார்கள். நான் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். எங்கள் மாநிலத்தில் வீட்டுப் பாவனைப் பொருட்களில் பாதரசத்துக்குக் கட்டுப்பாடு வருகிறதாம். காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர், காற்றழுத்தம் பார்க்கிற பழைய பாரமானி, பொத்தான் பற்றரி எதுவானாலும் குப்பையில் போடக் கூடாது, வீட்டில் வைத்திருப்பதும் நல்லதல்ல, சனிக்கிழமை தேவாலயச் சதுக்கத்துக்கு வருகிற வண்டியில் ஒப்படையுங்கள் என்று இருந்தது. என் நிலைமை உங்களுக்குத் தெரியும். எண்பத்து நான்கில் வந்தவன். இத்தனை வருடம் காத்திருந்து குடியுரிமைக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு, சித்திரையில் நேரில் வரச்சொல்லி அதற்கு ரேர்மின் வைத்திருக்கிறார்கள். ரேர்மின் கிடைத்த நாளிலிருந்து நான் தேயிலைப் பையைக் கூடக் கழற்றி, நூலைக் கடதாசியோடும் கம்பியை உலோகத்தோடும் தூளை மக்கும் குப்பையோடும் போடுகிறேன். சிவப்பு விளக்கில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தாலும் நிற்பேன். அப்படிப்பட்டவன் வீட்டில் சட்டத்துக்கு மாறாக ஒரு தெர்மோமீட்டர் இருக்கலாமா?

அதை எடுத்து ஒரு பெட்டியில் வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. ஆனால் பிள்ளை சிறிதாக இருந்த காலத்திலிருந்து எங்களோடு இருந்த சாமான், போகிறதுக்கு முன் ஒருதரம் காய்ச்சல் பார்ப்போம் என்று ஒரு ஆசை வந்தது. பார்க்கும் முன் உதறவேண்டும் அல்லவா? உதறினேன். தண்ணீர்க் குழாயில் பட்டு உடைந்தது. பாதரசம் குண்டு குண்டாகக் குசினி முழுவதும் உருண்டது. கமலாம்பிகை தோசைத் திருப்பியால் அள்ளப் பார்த்தாள். "இதென்னப்பா, பிடிக்கப் பிடிக்க ஓடுது!" என்று அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். துண்டுப்பிரசுரத்தின் கடைசியில் சந்தேகம் இருந்தால் அழைக்கவும் என்று ஒரு இலக்கம் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் எடுக்கவில்லை. சட்டப்படி நடக்கவேண்டும் என்ற துடிப்பில் தீயணைப்புப் படைக்கு அடித்துவிட்டேன். "வீட்டில் பாதரசம்" என்று சொன்னேன், எவ்வளவு என்று சொல்ல மறந்துபோனேன்.

இரண்டு வண்டி வந்தது. முழுக் கட்டடமும் யன்னலுக்கு வந்துவிட்டது. கீழ்வீட்டு மன்னார்க்காரர் சில்வெஸ்டர் அண்ணை, பாவம், எங்களுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று செபமாலையும் கையுமாக ஓடிவந்தார். வந்தவர்கள் தெர்மோமீட்டரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதுதான் ஜெர்மன் மரியாதை. ஒரு பொடியன் உறிஞ்சி எடுத்து, யன்னலைத் திறந்து வைத்து, கையில் ஒரு கருவியோடு வீட்டை அளந்துகொண்டு வந்தான். குசினியில் அளவு குறைந்தது. சாமியறைப் பக்கம் திரும்பினதும் கூடியது. அவன் ஒரு எட்டு வைக்க, கமலாம்பிகை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ!"

அவனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். பாதுகாப்புச் சப்பாத்தைக் கழற்ற அவனுக்கு அனுமதி இல்லையாம். அவள் விடவில்லை. கடைசியில் அவன் வாசலுக்கு வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டி அளந்தான். கருவி லிங்கத்துக்கு நேரே போய் நின்றது. "அது என்ன?" என்று கேட்டான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாதரசம்" என்றேன். "எதற்காக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். கும்பிடுகிறதற்கு என்றேன். அவன் என்னைப் பார்த்தான், லிங்கத்தைப் பார்த்தான், பிறகு மிகவும் மெதுவாக, "சனிக்கிழமை வண்டி வரும், அதில் கொடுங்கள், அதுவரை யன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது என் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதிக்கொண்டு போனான். என் ரேர்மின் என் கண்ணுக்கு முன்னாலேயே படி இறங்கிப் போனது போல் இருந்தது.

ஆதிரை ஞாயிற்றுக்கிழமை முறைவேலையால் வந்து விசயத்தைக் கேட்டதும், இன்றைக்கும் பாலைக் குடித்தீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். குடித்தோம் என்றோம். பெயரில்தான் பாதரசம், உள்ளே வெள்ளி என்று அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாளாம். "அப்பா, தெர்மோமீட்டருக்குள்ள இருக்கிற அதே சாமான்தான் இது. உங்களுக்கு விசரா?" என்று அழுதுகொண்டே எங்கள் இருவரையும் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். "பாத்தியளே, சாமி காப்பாத்திப்போட்டார்" என்றாள் கமலாம்பிகை. "சாமியிட்டை இருந்துதானம்மா காப்பாத்த வேண்டியிருந்தது" என்றாள் மகள். இந்த வீட்டில் எனக்கு இரண்டு பக்கமும் அடி.

உடனே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். தொலைபேசியைக் கையில் எடுக்காமல் இருக்கவில்லை. ஆனால் நீங்களே வெள்ளிக்கிழமை தவறாமல் அடித்து, வணக்கம் சொல்ல முதலே, "எங்கட சாமி அங்கை சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்பீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் தன்பாட்டில், "ஓம் ஓம், நல்ல சுகம்" என்று சொல்லிவிடும். யன்னல் திறந்து கிடக்க, வீட்டுக்குள் மூன்று பேரும் குளிருக்கு மேலங்கி போட்டுக்கொண்டு நின்று, சாமி சுகம் என்று உங்களுக்குச் சொன்னேன் சம்பந்தி.

குருக்களையாவிடம் கேட்டேன். சாமியைச் சும்மா கொடுக்க ஏலாது, சமுத்திரத்திலோ ஆற்றிலோ விடலாம் என்றார். றைன் நதியில் பாதரசமா! எனக்குத் தொலைபேசி கையிலிருந்து நழுவிவிட்டது. "ஐயா, மெல்லக் கதையுங்கோ, எனக்கு ரேர்மின் இருக்கு" என்றேன். "அப்ப அரசாங்கத்தையே ஒரு சமுத்திரம் எண்டு நினைச்சுக் குடுங்கோ. மனசுதான் முக்கியம்" என்றார். அவருக்கென்ன, அவருடைய கோயிலில் எல்லாம் கருங்கல்.

போன சனிக்கிழமை போனோம். சில்வெஸ்டர் அண்ணைதான் தன் வானில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "எங்கட அந்தோனியார் சுரூபம் சீமெந்து, சட்டத்துக்குள்ள வராது" என்று வேறு சொன்னார். நான் கலியாணக் கோட்டுப் போட்டு, திருநீறு பூசி, தாம்பாளத்தில் பட்டு விரித்து லிங்கத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒருவர் பெயின்ற் வாளியோடு, முன்னால் இன்னொருவர் பழைய கார்ப் பற்றரியோடு. கமலாம்பிகை அந்தக் குளிரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றாள். வண்டியில் இருந்தது திருமதி கிறேமர் என்று ஒரு அம்மா, சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"என்ன சாதனம்?" என்று கேட்டார். "சாதனம் இல்லை" என்றேன். "தெர்மோமீட்டரா, பாரமானியா?" என்றார். "இரண்டும் இல்லை. இது கடவுள்" என்றேன். பின்னால் பெயின்ற் வாளி வைத்திருந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று எனக்குத் தெரியாது. திருமதி கிறேமர் தன்னுடைய பெட்டிகளை ஒருதரம் பார்த்து, "கடவுளுக்கென்று பெட்டி இல்லை, பாதரசம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். அதற்குள் கமலாம்பிகை, கடைசியாக ஒருதரம் தீபம் காட்டவேண்டும் என்று, பெயின்றை மெல்லியதாக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் நின்று கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள்.

திருமதி கிறேமர் போட்ட சத்தம் தேவாலயத்துக்குள்ளும் கேட்டிருக்கும். வரிசை கலைந்து ஓடியது. சில்வெஸ்டர் அண்ணை பாய்ந்துவந்து தன் தொப்பியால் கற்பூரத்தை மூடினார். "மன்னிச்சுக் கொள்ளுங்கோ தங்கச்சி, வேற சமயம் எண்டு நினைக்காதேங்கோ, தெருவே வெடிச்சிருக்கும்!" என்றார். தொப்பியில் ஓட்டை. நான் அவர்கள் எல்லாரிடமும், திருமதி கிறேமரிடமும், பெயின்ற் வாளிக்காரரிடமும், சில்வெஸ்டர் அண்ணையிடமும், லிங்கத்திடமும் மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியில் ஆரிடம் கேட்டேன் என்று நினைவில்லை.

பிறகு அந்த அம்மா கையுறையைப் புதிதாக மாற்றிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார். லிங்கத்தை அவர் கையில் வைத்தேன். பாரத்தில் அவருடைய கையும் கொஞ்சம் கீழே போனது. கிழக்குப் பார்த்து நிமிர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டேன். சட்டப்படி அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் வெய்யிலைப் பார்த்துக் கிழக்கைக் கண்டுபிடித்து, தெர்மோமீட்டர்களுக்கு நடுவே பட்டோடு அவரை நிமிர்த்தி வைத்து, மூடியைப் போட்டார். எனக்கு அழுகை வந்தது சம்பந்தி. நாட்டை விட்டு வரும்போது கூட நான் இப்படி அழவில்லை. வெறும் தாம்பாளத்தோடு வானில் ஏறினேன்.

அன்றிலிருந்து சாமியறைக்குப் போக மனமில்லை. ஒரு கடதாசியில் முத்திரை விழவேண்டும் என்பதற்காக, நம்பித் தந்த சாமியைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் என்னைத் தின்கிறது. சட்டம் சரிதான், பாதரசம் நஞ்சுதான், மகள் விளக்கமாகச் சொல்லிவிட்டாள். ஆனால் நான் சட்டம் சரி என்பதற்காகக் கொடுக்கவில்லை, பயத்தில் கொடுத்தேன். அதுதான் வருத்தம். ஆதிரை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பா, இதாலை கலியாணம் நிண்டுபோகுமோ?" என்று நேற்றுக் கேட்டாள். அவளும் நிமலனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு விரும்புகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

ஆகவே உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். குற்றம் முழுவதும் என்னுடையது. என்னை என்ன பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு என் முகத்தில் விழிக்க விருப்பம் இல்லை என்றால், கலியாணத்தன்று நான் மணவறைப் பக்கம் வராமல் மண்டபத்தின் பின்னால் சட்டி பானை கழுவிக்கொண்டு நிற்கிறேன், தாரைவார்த்துக் கொடுக்க மட்டும் ஒரு நிமிடம் கூப்பிடுங்கள். பிள்ளைகளைப் பிரித்துவிட வேண்டாம். பரம்பரை பரம்பரையாக உங்கள் வீட்டைக் காத்த சாமியை இழந்த உங்கள் மனம் என்ன பாடுபடும் என்று நினைக்கவே எனக்கு நித்திரை வருவதில்லை.

தங்கள் பாரியாருக்கு எங்கள் அன்பையும், நிமலனுக்கு எங்கள் ஆசிகளையும் சொல்லவும். அவர்கள் இருவரும் இந்தக் கடிதத்தை வாசிக்கும்போதும் இருந்துகொண்டே வாசிக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன், என்னோடு கோபமாக இருந்தாலும், உங்கள் குடும்பத்தைக் கைவிடமாட்டான்.

இங்ஙனம்,
தலைகுனிந்து நிற்கும் சம்பந்தி,
க. சுவாமிநாதன்

பிற்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகிற நேரம் தொலைபேசி அடித்தது. உங்கள் பாரியார். கமலாம்பிகை எடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று அவள் மூச்சை இழுக்க, அதற்குள் அங்கே சிவகௌரி அவர்கள் அழத் தொடங்கிவிட்டார். "அக்கா, எனக்கு மனசு உறுத்துது, இனியும் மறைக்க ஏலாது. அது எங்கட பரம்பரைச் சாமி இல்லை. அடுத்த நாட்டில, பேர்ண்ல இருக்கிற என்ரை தமையன், அங்கை பாதரசக் கட்டுப்பாடெண்டு கடதாசி வந்த உடனை, புது வீடு குடிபூரலுக்குப் பரிசெண்டு எங்களிட்டைத் தந்தவர். போன வருசம் எங்கட மாநிலத்திலையும் கடதாசி வந்திட்டுது. எறியவும் பயம், வைச்சிருக்கவும் பயம். உங்கட மாநிலத்தில அப்ப அந்தச் சட்டம் வரேல்லை, மாசியிலதான் வரும் எண்டு இவர்தான் விசாரிச்சவர். அதாலதான் சம்பந்தக் கலப்பை மாசிக்கு வைக்காமல் தைக்கு முன்னுக்கு இழுத்தது" என்றாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் நீங்கள் சாமியைச் சுகம் விசாரித்தது, நாங்கள் திருப்பித் தந்துவிடுவோமோ என்ற பயத்திலாம்.

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியிருக்கிற மன்னிப்பு எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். எழுதின கடிதத்தைக் கிழிக்க மனமில்லாததால் அனுப்புகிறேன். என் பெயர் இருக்கிற இடமெல்லாம் உங்கள் பெயரைப் போட்டு, கையெழுத்தும் வைத்து, அப்படியே எனக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தலைகுனிந்து என்ற சொல்லை வெட்ட வேண்டாம். சட்டி பானை கழுவுகிற வேலையும் இனி உங்களுடையது.

நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆதிரை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். கமலாம்பிகை என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள், இந்த நேரத்தில் அது கூட நல்ல செய்திதான். ஆனால் சிரித்து முடிந்த பிறகு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பேர்ணில் வைத்திருக்கப் பயந்து டார்ம்ஸ்டாட்டுக்கு, டார்ம்ஸ்டாட்டில் பயந்து கொலோனுக்கு, கொலோனில் பயந்து வண்டிக்கு. எங்களையும் இப்படித்தானே நாடு நாடாகக் கைமாற்றிவிட்டார்கள். அதன் நோவு தெரிந்த நாங்களே அந்தச் சாமிக்கும் அதைச் செய்துவிட்டோம். என் வருத்தம் போகவில்லை சம்பந்தி. இதுவரை தனியாகப் பட்டேன், இனி நீங்களும் சேர்ந்து படவேண்டும், அதற்குத்தானே சொந்தம் என்பது.

குறித்த நாளில் கலியாணம் நடக்கும். குடும்பமாக முதல் நாளே வந்துவிடுங்கள். தயவுசெய்து கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.